முதல் ஃபின்: முழுப்பாதமா, திறந்த குதிகாலா?

ஸ்கூபா டைவிங்கில் காலில் மாட்டும் துடுப்புதான் ஃபின். வாடகை ஃபின்னில் பத்துப் பதினைந்து டைவ் முடித்ததும் சொந்தமாக ஒன்று வாங்கத் தோன்றும். வெறுங்காலை ஷூ போல நுழைத்துக்கொள்ளும் முழுப்பாத ஃபின் ஒரு வகை. பூட்டீஸ் என்ற டைவிங் காலணியைப் போட்டுக்கொண்டு பின்பட்டையை இழுத்து மாட்டும் திறந்த குதிகால் ஃபின் இன்னொன்று.

அந்தமானின் ஹேவ்லாக் தீவு போல வெதுவெதுப்பான கடலில், படகிலிருந்தே குதிப்பவருக்கு முழுப்பாதம் போதும். விலையும் எடையும் குறைவு. உள்நாட்டு விமானத்தில் 15 கிலோவுக்குள் பெட்டியை அடைக்கும்போது அந்த எடைக் குறைவின் அருமை தெரியும். ஆனால் அளவு மிகச் சரியாக அமைய வேண்டும். பெரும்பாலும் 42-43 என்று இரண்டு அளவுக்கு ஒன்றாகத்தான் வரும். என்னுடையது கொஞ்சம் தளர்வு. ஒவ்வொரு உதைக்கும் குதிகால் உராய்ந்து, இரண்டாம் நாளே கொப்புளம் வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் பட்டு எரிந்த எரிச்சலில் மூன்றாம் நாள் டைவையே விட வேண்டியதாயிற்று.

திறந்த குதிகாலில் இந்தத் தொல்லை குறைவு. பூட்டீஸ் காலைக் காக்கும். பட்டை தளர்வைச் சரிக்கட்டும். கரையிலிருந்து பாறையிலும் உடைந்த பவளத்திலும் நடந்து இறங்கும் இடங்களில் வெறுங்காலை நினைத்துப் பார்க்கவே முடியாது. முதல் ஜோடிக்கு நான் இதைத்தான் சொல்வேன். பக்கிள் வைத்த ரப்பர் பட்டையைவிட ஸ்டீல் ஸ்பிரிங் பட்டை மேல்: ஆடும் படகில், ஈரக் கையால் ஒரே இழுப்பில் மாட்டிவிடலாம்.

அப்புறம் தகடு, அதாவது தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதி. நடுவில் பிளந்த ஸ்பிளிட் ஃபின் மேலும் கீழும் உதைக்க இலகு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நல்லது. ஆனால் தவளை போலக் கால்களை விரித்து உதைக்கும் தவளை உதையிலும் பின்னோக்கி நகர்வதிலும் பிடிமானம் தராது. மணல் தரையைக் கலக்காமல் நீந்தத் தவளை உதைதான் கைகொடுக்கும் என்பதால், பிளவில்லாத, நடுத்தர விறைப்புள்ள தகடே என் தேர்வு. 1960-களில் வந்த ஜெட்ஃபின் வகைக் கனத்த ரப்பர் ஃபின்னுக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. தண்ணீர் புகாத, உள்ளே காற்று நிற்கும் டிரைசூட்டில் மிதக்கும் கால்களை அது அடக்கும். மெல்லிய சூட் போட்டவருக்கோ கால் தாழ்ந்துபோகும்.

கடைக்குப் போகும்போது உங்கள் பூட்டீஸையும் எடுத்துப் போங்கள். மாட்டி, உட்கார்ந்தபடி காலை நீட்டி மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கக் கூடாது, பாதம் உள்ளே வழுக்கக் கூடாது. பத்து நிமிடம் கழற்றாமல் இருங்கள். பாதத்தின் மேல்பக்கம் அழுத்தினால் அந்த ஜோடி வேண்டாம்.