டாஷ்கேம்: கண்ணு சுமார், காது பிரமாதம்

தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வொர்த்தில் பூஜைச் சாமான் கடை வச்சிருக்கிற அண்ணனுக்கு நான் பக்கி, அதாவது சின்ன பிக்கப் வண்டி, ஓட்டுறேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி 1,150 ரேண்டுக்கு, ஓடுற வண்டியிலிருந்து ரோட்டைப் பதிவு பண்ற கேமராவான இந்த டாஷ்கேமை வாங்கி மாட்டினோம். முன்பக்கம் மட்டும் பார்க்கிற ஒத்தை லென்ஸ். கூடவே 32 ஜிபி கார்டு இலவசம். அந்த இலவசத்துக்கு அப்புறம் வர்றேன்.

பகல்ல படம் தெளிவு. ராத்திரியில முன்னால போற வண்டியோட நம்பர் பிளேட் வெறும் வெள்ளைத் திட்டு. டர்பன் வெயிலுக்குக் கண்ணாடியில ஒட்டுற ரப்பர் இளகி ரெண்டு தடவை என் மடியில விழுந்துச்சு, ஒரு தடவை தேங்காய் மூட்டை மேல.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரோட்டில் செக்கிங். போலீஸ்காரர் ஒருத்தர் லைசென்ஸைப் பார்த்தார், கண்ணாடியில ஒட்டியிருக்கிற வண்டி லைசென்ஸ் டிஸ்க்கைப் பார்த்தார், டயரை உதைச்சுப் பார்த்தார். எல்லாம் சரி. "வெயில் ஜாஸ்தி, கோல்ட் டிரிங்குக்கு ஏதாவது உண்டா?" இந்த ஊர்ல வண்டி ஓட்டுறவங்களுக்குத் தெரியும், அது ஃபேன்டா இல்ல, லஞ்சம். அப்பத்தான் மினுக்குற சிவப்பு விளக்கு அவர் கண்ணுல பட்டுச்சு. "அதை அணை. எடுத்ததை அழி. போலீசைப் படம் பிடிக்கிறது குற்றம்."

குற்றமே இல்ல. பொது இடத்தில டியூட்டியில இருக்கிற போலீசைப் படமெடுக்கக் கூடாதுன்னு இங்க சட்டம் கிடையாது. அவங்க வேலைக்குக் குறுக்க நிக்கக் கூடாது, அவ்வளவுதான். 1995 போலீஸ் சட்டம் தடுக்கிறது, காவல்ல இருக்கிற சந்தேக நபரோட படத்தை அனுமதியில்லாம வெளியிடறதை. 2013-ல் ஜோகன்னஸ்பர்க் பக்கம் டேவிட்டன்ல மிடோ மசியாங்கிற டாக்சி டிரைவரை போலீஸ் வேன் பின்னால கட்டி இழுத்துட்டுப் போனாங்க. அவர் லாக்கப்பிலேயே செத்துப்போனார். சுத்தி நின்னவங்க போன்ல எடுக்காம இருந்திருந்தா, எட்டு போலீஸ்காரங்களுக்கு ஆளுக்கு 15 வருஷம் கிடைச்சிருக்குமா?

இதையெல்லாம் அவர்கிட்ட நான் பேசலை. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. "முதலாளி வண்டி சார், அணைக்கத் தெரியாது"ன்னேன். போ போன்னு கையைக் காட்டிட்டார்.

ராத்திரி போன் ஆப்ல போட்டுப் பார்த்தா, ஆரஞ்சு கூம்பும் எங்க பானெட்டும்தான் தெரியுது. அவர் நின்னது என் ஜன்னல் பக்கமாச்சே! ஆனா குரல்? "கோல்ட் டிரிங்க்" எழுத்துப் பிசகாம விழுந்திருக்கு. இந்த மாதிரி விஷயத்துக்காக வாங்குறவங்க, கொஞ்சம் கூடப் போட்டு வண்டிக்குள்ளயும் பார்க்கிற ரெட்டை லென்ஸ் வாங்குங்க. மூணு ஸ்டார் தர்றேன். ரெண்டரை காதுக்கு, அரை கண்ணுக்கு.

போலீஸ் மேல வர்ற புகாரை விசாரிக்க ஐபிட்னு தனி அமைப்பு இருக்கு, அங்க கொடுப்போம்னு அண்ணன் செவ்வாய்க்கிழமை சொன்னார். கார்டு நிறைஞ்சா பழசு மேலேயே புதுசு பதியும், காப்பாத்தணும்னா அந்தச் சின்ன பூட்டுப் பொத்தானை அமுக்கணும். நான் அமுக்கலை. செவ்வாய்க்கிழமை அந்த இலவச கார்டுல மிச்சம் இருந்தது, டோங்காட் கோவிலுக்கு மாலை கொண்டு போன பயணமும், வழி நெடுக நான் பாடின பாட்டும்தான்.