உருளும் கேஸ் ஹீட்டரா, சுவரில் பதித்த ஹீட்டரா?

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்து லெனேசியா, லாடியம் பகுதிகளில் குளிர் இறங்கியதும் எழும் கேள்வி இது: கடையில் கிடைக்கும் சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர் போதுமா, இல்லை சுவரில் பதித்துப் புகைக்குழாயை வெளியே விடும் ஹீட்டர் போடலாமா? கனடாவில் சொந்தக்காரர் வீட்டு நிலவறையில் ஓடி வீடு முழுக்கச் சூடாக்கும் ஃபர்னஸ் நம் வீடுகளுக்குப் பழக்கமில்லாதது. இங்கே போட்டி இந்த இரண்டுக்கும்தான். விலையை மட்டும் பார்த்தால் உருளும் ஹீட்டர்தான் ஜெயிக்கும். எதை, யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும் என்று பார்த்தால் கணக்கு மாறும்.

உருளும் ஹீட்டருக்குப் புகைக்குழாய் கிடையாது. எரிந்து வருவது அத்தனையும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள்தான். முன்பக்கப் பீங்கான் பலகை மூன்றும் எரிந்தால் சுமார் 4.2 கிலோவாட் சூடு. மணிக்கு ஏறக்குறைய 300 கிராம் கேஸ். 9 கிலோ சிலிண்டர் முப்பது மணி நேரத்தில் காலி. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். அதாவது மணிக்கு அரை லிட்டர் தண்ணீரை அறைக்குள் தெளிப்பதற்குச் சமம். காலையில் ஜன்னல் வியர்ப்பதும், அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை பிடிப்பதும் அதனால்தான். ஜன்னல் திறந்தே இருக்கவேண்டும். படுக்கையறையிலும் குளியலறையிலும் இதைப் பற்றவைக்கவே கூடாது.

கசிவு பெரும்பாலும் தொடங்குவது சிலிண்டர் மாற்றும்போது. ரெகுலேட்டர் மூக்கின் நுனியில் இருக்கும் ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ தட்டையான தழும்போ இருந்தால் புதிது போடுங்கள். மரை இடப்பக்க மரை: இறுக்க இடஞ்சுழியாகத் திருகவேண்டும். கையால் இறுக்கினால் போதும், ஸ்பானர் வேண்டாம். அழுத்தி இறுக்கினால் ரப்பர் நசுங்கி அடுத்த முறை கசியும். பிறகு ஹீட்டர் குமிழை மூடிவைத்து, சிலிண்டர் வால்வைத் திறந்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரை வால்வு, ரெகுலேட்டர், ஹோஸின் இரு முனை கிளாம்ப் எல்லாவற்றிலும் பிரஷால் தடவுங்கள். குமிழி ஊதிக்கொண்டே வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. ஹோஸை வளைத்துப் பாருங்கள். வளைவில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றவேண்டியதுதான்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. காவடிக்கும் கல்யாணத்துக்கும் பெரிய பானை வைக்கிற அடுப்பில் ஹை-பிரஷர் ரெகுலேட்டர் மாட்டியிருப்பார்கள். அந்த சிலிண்டரை அப்படியே எடுத்து ஹீட்டருக்குள் வைத்துவிடக் கூடாது. ஹீட்டருக்கு 2.8 கிலோபாஸ்கல் லோ-பிரஷர் ரெகுலேட்டர்தான்.

அறையில் ஆக்சிஜன் சுமார் 18 சதவீதத்துக்கு இறங்கினால் கேஸை நிறுத்தும் சென்சார் தரமான ஹீட்டர்களில் உண்டு. கடலோர டர்பனில் ஒழுங்காக ஓடியது, கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் அடிக்கடி அணையலாம். அங்கே காற்று மெல்லியது. வாங்கும் முன் எந்த உயரம் வரை பயன்படுத்தலாம் என்று கையேட்டில் பாருங்கள். அணைகிறதே என்று சென்சாரை வெட்டிவிடும் "ரிப்பேர்காரர்" கையில் ஹீட்டரைக் கொடுக்காதீர்கள்.

பீங்கான் பலகை ஒரே சீராகச் சிவந்து எரியவேண்டும். நடுவில் இருண்ட திட்டு, மஞ்சள் நாக்கு, கரி என்றால் தூசி அடைத்திருக்கிறது அல்லது பலகை விண்டிருக்கிறது. ஆறிய பிறகு மென்மையான பிரஷால் தூசி தட்டுங்கள். கேஸ் வரும் நுண்துளையில் ஊசி விட்டுக் குத்தாதீர்கள். துளை பெருத்தால் கேஸ் அதிகமாகும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் அதிகமாகும்.

பதித்த ஹீட்டருக்கு இந்தத் தினசரித் தொல்லை இல்லை. மூடிய வகையென்றால் எரியக் காற்றை வெளியிலிருந்தே இழுத்துப் புகையை வெளியிலேயே விடும். சிலிண்டரும் வெளியே, கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 1 மீட்டர், சாக்கடை வாயிலிருந்து 2 மீட்டர் தள்ளி. கேஸ் காற்றைவிடக் கனம், பள்ளம் தேடித் தேங்கும். கேஸ் வேலைக்காரர்களைப் பதிவு செய்யும் அமைப்பான எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸில் பதிவு பெற்றவர்தான் பொருத்தவேண்டும்; முடிந்ததும் தகுதிச் சான்றிதழ் தரவேண்டும். வீடு கைமாறும்போதும் அதைக் கேட்பார்கள்.

ஆனால் கோளாறு வந்தால் அது கண்ணில் படாது. வெளிவாயில் மைனா கூடு கட்டும். கோடை முழுக்க அணைந்திருந்த பர்னர் குழாயில் சிலந்தி வலை பின்னும். முன்கண்ணாடி விளிம்பை அடைக்கும் கேஸ்கெட் இறுகிப்போகும். வருடம் ஒருமுறை, குளிருக்கு முன்னால், டெக்னீஷியன் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்து, அழுத்தம் அளந்து, புகை வெளியேறுவதைப் பார்க்கவேண்டும். அறைக் காற்றையே இழுத்து எரியும் திறந்த வகையென்றால் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, புகையும் ஊதுபத்தியைப் புகை வாயருகே காட்டச் சொல்லுங்கள்: புகை அறைக்குள் திரும்பினால் ஹீட்டரை ஓட்டக் கூடாது. லோட் ஷெடிங்குக்காக வாங்குபவர்கள் கரண்ட் இல்லாமலும் ஓடுமா என்று முதலில் கேளுங்கள். பலதுக்கும் கரண்ட் வேண்டும்.

இரண்டுக்கும் அலாரம் தேவை, அதுவும் இரண்டு விதம். எல்.பி.ஜி. கசிவு அலாரம் தரையருகே. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஹீட்டரிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள், அதன் கையேடு சொல்லும் உயரத்தில். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. ஜோகன்னஸ்பர்க்கில் குழாய் வழி இயற்கை எரிவாயு வரும் வீடுகளில் கசிவு அலாரம் கூரையருகே போகவேண்டும். அந்த கேஸ் காற்றைவிட லேசு. எல்.பி.ஜி. ஹீட்டரை அந்தக் குழாயில் அப்படியே மாட்டவும் முடியாது, நுண்துளை அளவே வேறு.

டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளுக்கு உருளும் ஹீட்டரே தாராளம்: குளிர் சில வாரம், மாலையில் இரண்டு மணி நேரம், ஜன்னலைத் திறந்துவைக்கவும் மனம் வரும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மேட்டுநிலத்தில் மாதக்கணக்கில் ராத்திரி நெடுக எரிக்கிறவர் ஜன்னலைச் சாத்தத்தான் செய்வார். அவருக்குப் பதித்த ஹீட்டர்தான் சரி. வாடகை வீட்டில் ஏற்கெனவே பதித்த ஹீட்டர் இருந்தால், பற்றவைக்கும் முன் சான்றிதழையும் கடைசி சர்வீஸ் தேதியையும் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் சிலிண்டர் வால்வை மூடிவைத்து டெக்னீஷியனை அழையுங்கள்.