ஒரே பெயரில் இரண்டு மரணச் சான்றிதழ்: ஆறு வருட அனுபவம்

என் பூட்டன், அதாவது அம்மப்பாவின் அப்பா, எந்த ஆண்டில் இறந்தார் என்று தேடத் தொடங்கி ஆறு வருடமாகிறது. கையில் இருந்த கருவிகள் மூன்று: பதிவு அலுவலகத்தில் எடுக்கும் மரணச் சான்றிதழ்ப் பிரதி, இணையத்தில் ஏற்றிய குடும்ப மரம், அந்தியேட்டிக்கு, அதாவது இறந்தவருக்குச் செய்யும் கிரியைக்கு, அச்சடித்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம். இவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்பது பிழைவிட்ட பிறகுதான் புரிந்தது.

கல்வெட்டு எங்கள் வீட்டில் தப்பியதே பெரிய விஷயம். கிளிநொச்சியில் இருந்து செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம் வரை பெரியம்மாவின் பொலித்தீன் பையில் வந்தது. அட்டை இல்லை, ஓரம் கறையான் தின்றது. ஆனால் இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா முழுசாக இருக்கிறது: விளம்பி வருடம், மாசி மாதம், பூர்வபக்கத் தசமி.

விளம்பி என்றால் 1958 என்று அறுபது தமிழ் வருடப் பட்டியலில் பார்த்தேன். பதிவேடு தேட 1957, 1958 என்று எழுதிக் கொடுத்தேன். சில வாரத்தில் பிரதி வந்தது. அதே பெயர், அதே தகப்பன் பெயர், தொழில் கமம் (விவசாயம்), 1958 மார்ச். சந்தோசத்தில் அன்றிரவே மரத்தில் ஏற்றினேன். கனடாவில் இருக்கும் மச்சான்மார் அப்படியே பிரதி எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு இடம் உறுத்தியது. வயது 52 என்று இருந்தது, வீட்டுக் கணக்கில் எழுபது. அந்தக் காலத்தில் வயதை வாயில் வந்தபடி சொல்லுவார்கள் என்று விட்டுவிட்டேன். அறிவித்தவர் 'மருமகன்'. பூட்டனுக்குப் பெண்பிள்ளையே இல்லை. சரி, தங்கச்சியின் மகனும் மருமகன்தானே என்று அதற்கும் சமாதானம் கண்டுபிடித்தேன். நம் உறவுமுறைச் சொற்கள் தேடுகிறவனுக்கு இப்படித் தாராளமாக இடம் கொடுக்கும்!

இரண்டு வருடம் கழித்து, கோயில் ஐயர் வெண்பாவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, விளம்பி பிறந்ததே 1958 சித்திரையில். அதன் மாசி அடுத்த ஆங்கில வருடத்தில் அல்லவா வரும்?" அதாவது 1959 பெப்ரவரி, மார்ச். நான் பிடித்து வைத்திருந்த மனிதர் விளம்பி பிறக்கும் முன்னமே போய்விட்டார்.

அப்புறம் இடமும் பிழை. மரணம் நடந்த இடத்தில்தான் பதிவார்கள், குடியிருந்த இடத்தில் அல்ல. பூட்டன் கமம் செய்தது கிளிநொச்சிப் பக்கம், கடைசி மூச்சு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில். அங்கத்தைய பதிவில் 1959 கேட்டபோது வந்த பிரதியில் வயது 71, தாயின் பெயர் பெரியம்மா சொன்னதேதான். அறிவித்தவர் மகன், அம்மப்பாவின் பெயர்.

இப்போது எந்தப் பிரதி வந்தாலும் பெயரைக் கடைசியில்தான் பார்க்கிறேன். ஊருக்கு நாலு கந்தையா இருந்த காலத்துப் பதிவுகள் இவை. முதலில் அறிவித்தவர், பிறகு தாய் பெயர், பிறகு திதி. கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது, அதனால் பழைய பதிவில் யாழ்ப்பாண மாவட்டம் என்று இருந்தால் ஒதுக்கிவிட வேண்டாம்.

கனடா மச்சான்மாரின் மரத்தில் இன்னும் 1958தான் நிற்கிறது. மூன்று தரம் சொல்லிவிட்டேன்.