தாருக்கு லிஃப்ட்டா, ஸ்பிரிங்கா, ஷாக்கா? ஓர் அலசல்

2020-இல் வந்த மூன்று கதவு மஹிந்திரா தாரை வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு புகார்கள் நிச்சயம் வரும். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்கிறது. பின் சீட்டுக்காரர் வேகத்தடையைப் பார்த்தாலே கைப்பிடியைத் தேடுகிறார். இரண்டுக்கும் ஆக்சஸரி கடையில் ஒரே மருந்துதான்: “ரெண்டு இஞ்ச் லிஃப்ட் போட்டுடலாம் சார், வண்டி கெத்தா நிக்கும்.”

லிஃப்ட் என்றால் வண்டியின் உடலைச் சக்கரங்களுக்கு மேலே உயர்த்துவது. கெத்தாக நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் புகாரே வேறு. ஷோரூமிலிருந்து வரும்போதே தாரின் தரை இடைவெளி 226 மி.மீ. மூக்கு இடிக்காமல் ஏறும் கோணம் 41.8 டிகிரி, வால் இடிக்காமல் இறங்கும் கோணம் 36.8 டிகிரி. நம் ஊர் மலைப்பாதைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே தாராளம். சாய்வதற்கும் குதிப்பதற்கும் காரணம் ஸ்பிரிங், ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்), ஸ்வே பார் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பி) ஆகியவற்றின் கணக்கில் இருக்கிறது. அங்கே என்னென்ன மாற்றலாம், எது யாருக்கு என்பதுதான் இந்த அலசல்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வழக்கமாக ஏற்றும் சாமான், ஆட்கள், முழு டேங்க் டீசலோடு லாரி எடைமேடைக்குப் போங்கள். முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டிக்கும் ஒரு சீட்டு. கழித்தால் பின் ஆக்சிலின் எடை வந்துவிடும். இந்த இரண்டு எண்கள் கையில் இல்லாமல் ஸ்பிரிங் வாங்குவது, அளவு எடுக்காமல் சட்டை தைப்பதுதான்.

ஸ்பேசர்: மலிவு, அதற்கேற்ற பலன்

ஸ்பேசர் என்பது ஸ்பிரிங்குக்கு அடியிலோ, முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தலையிலோ வைக்கும் வட்டமான அலுமினியம் அல்லது பாலியூரித்தேன் துண்டு. சில ஆயிரங்களில் வேலை முடிந்துவிடும். ஸ்பிரிங் பழையதே, ஷாக்கும் பழையதே. அதனால் ஓட்டம் துளியும் மேம்படாது. ஈர்ப்பு மையம் மேலே போவதால் சாய்வு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

தாரில் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரண்டு கைகள் தனித்தனியாகப் பிடித்திருக்கும்; பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டான ரிஜிட் ஆக்சில். முன்னே ஸ்ட்ரட் தலையில் ஸ்பேசர் வைத்தால், சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஆக்சில் ஷாஃப்டின் சி.வி. ஜாயின்ட் (சக்கரத்துக்குச் சக்தி கடத்தும், மடங்கும் மூட்டு) அதிகக் கோணத்தில் மடங்கும். அதை மூடியிருக்கும் பூட் ரப்பர் சீக்கிரம் கிழியும். முழுக்க அமுங்கும்போது ஷாக் வழக்கத்தைவிட முன்னதாகவே தன் எல்லையைத் தொட்டு, அடியை அதுவே வாங்கும். பின்னே காயிலுக்கு அடியில் வைத்தால், பழைய ஷாக்கின் நீளம் போதாமல் ஒவ்வொரு குழியிலும் “டொக்” என்று முழு நீளத்துக்கும் இழுபடும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. லிஃப்ட் எதைப் போட்டாலும் பின் ஆக்சிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை (சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் கியர்பெட்டி) ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அது சக்கரத்தோடு சேர்ந்தது. பெரிய டயர் போட்டால்தான் உயரும். பாறையில் அந்த உருண்டைதான் உங்களுக்கு இடிக்கிறது என்றால், லிஃப்ட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்.

ஒரு இஞ்ச் ஸ்பேசர் வைத்து நகரத்துக்குள் ஓட்டுபவருக்குப் பெரிய ஆபத்து இல்லை. காட்டுப் பாதைக்குப் போகிறவருக்கு நான் சொல்லவே மாட்டேன்.

ஸ்பிரிங்: எடைக்கு மட்டும்

ஸ்பிரிங்கின் வேலை தாங்குவது. முன்பக்கம் ஸ்டீல் பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் எந்திரம்) என்று போட்டிருந்தால் 80 முதல் 100 கிலோ வரை மூக்கில் ஏறியிருக்கும். சக்கரத்தில் அளந்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 50 கிலோ கூடினால் மூக்கு சுமார் 17 மி.மீ. இறங்கும். அந்த அளவு அமுங்கும் தூரம் போய்விட்டது; பம்ப் ஸ்டாப்பில் (அமுங்கும் தூரத்தின் முடிவில் இருக்கும் ரப்பர் தடுப்பு) இடிப்பதும் அதற்கேற்பக் கூடும். இந்த வண்டிக்குக் கனமான ஸ்பிரிங் அவசியம். வின்ச்சுக்கு ஸ்டீல் ரோப்புக்குப் பதில் சிந்தெடிக் கயிறு போட்டாலே மூக்கில் பல கிலோ குறையும், அதையும் யோசியுங்கள்.

ஆனால் ஒன்றும் போடாத வண்டிக்குக் கனமான ஸ்பிரிங் போட்டால்? வெறும் வண்டியில் அது அமுங்கவே மாட்டேன் என்று நிற்கும். ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டில் தெரியும், குறுக்குப் பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்காமல் அந்தரத்தில் சுற்றும். ‘ஹெவி டியூட்டி’ என்ற சொல்லுக்கு மயங்கி வாங்கிவிட்டு, பிறகு ஷாக்கைத் திட்டுபவர்கள் நிறைய.

காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 12 மி.மீ. கம்பி 13 மி.மீ. ஆனால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், விறைப்பு சுமார் 38 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் “இதுவும் அதே ஸ்பிரிங்தான் சார்” என்று சொன்னால் நம்பாமல் வெர்னியர் வைத்து அளக்கலாம், தப்பில்லை. காயிலை வெட்டித் தாழ்த்துகிறவர்களுக்கும் ஒரு செய்தி: சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும்.

விறைப்பான ஸ்பிரிங் போட்டவுடன் பழைய ஷாக் போதாமல் போகும். அமுக்கப்பட்ட ஸ்பிரிங் எகிறும் வேகத்தைப் பிடிப்பது ஷாக்கின் ரீபவுண்ட் பக்கம். ஸ்பிரிங் 20 சதவீதம் விறைத்தால் அந்தப் பிடிப்பு சுமார் 10 சதவீதம் கூட வேண்டும். பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிய வண்டி, மேட்டில் ஏறி இறங்கியதும் இரண்டு மூன்று முறை தலையாட்டுவது இதனால்தான்.

ட்வின் ட்யூபா, மோனோ ட்யூபா?

உண்மையான போட்டி இங்கேதான். தார் சுமை ஏற்றாத வண்டியாக இருந்தால், ஸ்பிரிங்கைத் தொடாமல் நல்ல ஷாக் நான்கு மட்டும் போடுவதே கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தரும் மாற்றம் என்பது என் கட்சி.

ட்வின் ட்யூபில் குழாய்க்குள் குழாய். உள் குழாயில் பிஸ்டன் ஓடும், வெளிக் குழாயில் மிச்ச எண்ணெயும் குறைந்த அழுத்த நைட்ரஜனும் இருக்கும். ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் ஈமு நைட்ரோசார்ஜர் இந்த வகை. அதே நாட்டு அயர்ன்மேனின் ஃபோம் செல் வகையும் ட்வின் ட்யூப்தான். வாயு இருக்க வேண்டிய இடத்தில் ஃபோம் வைத்திருப்பார்கள், எண்ணெய் நுரைக்காமல் இருப்பதற்காக. மோனோ ட்யூபில் ஒரே குழாய். எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைக்கும். பிரெஞ்சுப் பொறியாளர் டி கார்பனின் இந்த அமைப்பை 1950-களில் மெர்சிடிஸ் கார்களுக்காகப் பெரிய அளவில் தயாரித்தது ஜெர்மனியின் பில்ஸ்டைன்.

சூட்டைப் பொறுத்தவரை மோனோ ட்யூபுக்குத்தான் வெற்றி. அலையலையாகக் கிடக்கும் மண் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஷாக்கைக் கையால் தொட முடியாது. சூடேறிய எண்ணெய் இளகும், நுரைக்கும், பிடிப்பு போகும். மோனோ ட்யூபில் எண்ணெய் இருக்கும் குழாயே வெளிக்காற்றில் நிற்பதால் சூடு சீக்கிரம் வெளியேறும். லடாக், ஸ்பிதி என்று நாள் முழுக்க ஓட்டுபவர்களுக்கு இது பெரிய விஷயம்.

கல்லடி என்று வந்தால் ட்வின் ட்யூப். வெளிக் குழாய் நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் பாட்டுக்கு ஓடும். மோனோ ட்யூபில் பிஸ்டன் ஓடும் இடத்தில் ஒரு கல் பள்ளம் விழுந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அந்த ஷாக்கைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ஹிமாச்சலில் ஸ்பிதிக்குப் போகும் வழியில், கிராம்பூவிலிருந்து பாதல் வரை உருண்டைக் கற்களின் மேலேயே போகும் பாதையில் இது வெறும் தியரி அல்ல.

சொகுசிலும் ட்வின் ட்யூப்தான், குறிப்பாக மெதுவாக ஊர்ந்து போகும்போது. மோனோ ட்யூபின் வாயு அழுத்தம் ராடை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். 14 மி.மீ. ராடும் 14 பார் அழுத்தமும் என்றால் அந்தத் தள்ளல் 20 கிலோவைத் தாண்டும். வண்டி துளி உயர்ந்து நிற்பதும், சின்னச் சின்ன மேடு பள்ளங்களில் விறைப்பாகத் தெரிவதும் அதனால்தான். நெடுஞ்சாலையில் அதே குணம் ‘வண்டி கைக்குள் இருக்கிறது’ என்ற உணர்வாக மாறும், அதையும் சொல்ல வேண்டும்.

வளைவுச் சாய்வு மட்டுமே உங்கள் புகார் என்றால் ஒரு எச்சரிக்கை: ஷாக் சாய்வின் வேகத்தைக் குறைக்கும், அளவைக் குறைக்காது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் நல்ல ஷாக் போட்ட தார் பதறாமல் சாயும், அவ்வளவுதான். அளவைக் குறைப்பது ஸ்பிரிங்கும் ஸ்வே பாரும். ஸ்வே பாரைத் தடிமனாக்கினால் பாறையில் சக்கரம் ஏறி இறங்கும் வீச்சு குறையும்.

திருகு வைத்த ஷாக்: யாருக்கு?

விறைப்பைக் கையாலேயே மாற்ற ஷாக்கில் திருகு வைத்த வகை இது. ரான்சோ ஆர்.எஸ். 9000 எக்ஸ்.எல். போன்றவற்றில் ஒரே திருகு, 9 நிலைகள். ஏ.ஆர்.பி.யின் பி.பி. 51 போன்றவற்றில் அமுங்குவதற்குத் தனித் திருகு, எகிறுவதற்குத் தனித் திருகு, கூடவே எண்ணெய்க்குத் தனி ரிசர்வாயர். விலையும் அப்படி. வார நாளில் வெறும் வண்டி, லீவில் கூரை டென்ட்டும் தண்ணீர் கேன்களும் என்று எடை மாறிக்கொண்டே இருப்பவருக்கு இது அர்த்தமுள்ள செலவு. மற்றவர்கள் திருகை ஒருமுறை திருப்பிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

வாங்கியவர்கள் டியூன் செய்யும் முறை: எல்லாவற்றையும் மிக மென்மையான நிலையில் வைத்து, ஒரே சாலையில், ஒரே டயர் காற்றில் ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு திருகு மட்டும். முதல் மேட்டிலேயே சுருக்கென்று குத்தினால் அமுங்கும் பக்கம் அதிகம். முதல் இரண்டு மூன்று மேடு பரவாயில்லை, போகப் போகக் கல்லாகிறது என்றால் ரீபவுண்ட் அதிகம்: அடுத்த மேடு வருவதற்குள் சக்கரம் திரும்ப இறங்க முடியாமல் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்துவிடுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் பலர் தப்பான திருகைத் திருகுகிறார்கள்.

ராட் வெளியே தெரியும் ஷாக் என்றால் அதில் ஒரு ஜிப் டை கட்டி, குழாயை ஒட்டித் தள்ளி வையுங்கள். பாதை முடிந்து பார்த்தால், ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். முழு நீளத்தையும் ஒருபோதும் தொடாத ஷாக் தேவைக்கு மேல் விறைப்பு. அடிக்கடி தொடுவது போதாதது.

ஜிம்னிக்காரர்களுக்கு

2023-இல் இங்கே வந்த மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி சுமார் 1,200 கிலோ எடை, முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில். தாருக்குச் சொன்னதெல்லாம் இதற்கு அப்படியே ஒத்துவராது. இரண்டு இஞ்ச் தூக்கினால் முன்னே காஸ்டர் கோணம் (ஸ்டியரிங்கை நேராக வைத்திருக்க உதவும், சக்கர அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டியரிங் அலையும். ஆக்சிலையும் சேஸிஸையும் குறுக்கே இணைக்கும் பான்ஹார்ட் ராட் ஆக்சிலைப் பக்கவாட்டில் இழுக்கும். கோணத்தைச் சரிசெய்யும் காஸ்டர் புஷ், நீளம் மாற்றும் பான்ஹார்ட் ராட் இரண்டும் லிஃப்ட் கிட்டிலேயே இல்லை என்றால் வாங்காதீர்கள். லேசான வண்டி என்பதால் கனமான ஸ்பிரிங் இதைத் தாரைவிட அதிகமாகக் கெடுக்கும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பழைய மஹிந்திரா ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். லீஃப் ஸ்பிரிங், எளிமையான ஷாக், எப்போதும் ஆள் நிறைந்த பாரம். எந்தக் கிட்டும் இல்லாமல் தினமும் ஏறுகின்றன. அந்த ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதற்கு விலை கிடையாது.

என் தேர்வு கேட்டால்: வெறும் தாருக்கு ட்வின் ட்யூப் ஷாக் மட்டும், ஸ்பிரிங் பழையதே. வின்ச் போட்டதற்கு முன்னே மிதமான ஸ்பிரிங்கும் நான்கு ஷாக்கும். நீண்ட தூர வேகப் பயணம்தான் பெரும்பாலும் என்றால் மோனோ ட்யூப். உயரம் ஒரு இஞ்சுக்கு மேல் போகிற எதையும் வாங்குமுன் வாரண்டியையும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் படித்துவிடுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து வண்டியை மாற்றுவதைப் பற்றியது அது.

பொருத்தும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். ஆக்சிலைப் பிடிக்கும் இணைப்புக் கைகளின் போல்ட்டை, வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரம் தொங்கும்போதே முழுக்க முறுக்கிவிடுவது பல ஒர்க்‌ஷாப்களில் பழக்கம். அப்படிச் செய்தால் தரையில் இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதங்களில் கிழியும். வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு முறை குலுக்கி, அப்புறம் டார்க் ரெஞ்ச் (குறிப்பிட்ட அளவுக்கு முறுக்கும் ஸ்பானர்) போடச் சொல்லுங்கள். அன்றே வீல் அலைன்மென்ட், ஹெட்லைட்டைத் தாழ்த்துவது இரண்டும் முடிந்துவிடட்டும். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.