கொங்குநாட்டுக்காரர் கடலுக்குள் இறங்க: ஸ்நார்க்கெலா, அறிமுக டைவா, முழுக் கோர்ஸா?

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று எங்கிருந்து கிளம்பினாலும், அடி தெரிகிற தெளிந்த கடலுக்கு ஒரு ராத்திரிப் பயணம் போயாக வேண்டும். லீவோ மூன்று நான்கு நாள்தான் கிடைக்கும். அந்த நாளையும் பணத்தையும் போட மூன்று வழி உண்டு. மேலே மிதந்தபடி மாஸ்க் வழியாகப் பார்க்கிற ஸ்நார்க்கெலிங். பயிற்சியாளர் பிடித்து அழைத்துப் போகிற அறிமுக ஸ்கூபா டைவ். மூன்று நான்கு நாள் படித்துச் சான்றிதழ் வாங்குகிற ஓப்பன் வாட்டர் கோர்ஸ்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கிணத்தில் நீந்தத் தெரிந்தவர் ஸ்நார்க்கெலில் ஆரம்பித்து, கடல் பிடித்துப்போனால் நேராகக் கோர்ஸில் சேருவதே நல்லது. அறிமுக டைவ் ஒரு தடவைக்குப் போதும்.

நம்ம பக்கம் முதுகில் சுரைப்புருடை கட்டிக் கிணத்தில் நீச்சல் பழகியவர்களுக்குத் தண்ணீர் பயம் இருக்காது. அது பெரிய முதல். ஆனால் மூச்சடக்கி முங்கி அடிமண் எடுத்து வருகிற பழக்கம் ஸ்கூபாவில் ஆபத்தாக முடியும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டர் காற்றை நிறைய இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். ஒன்றரை மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு. கிணத்தில் முங்கும்போது இந்தச் சிக்கல் வராது. மேலே இழுத்த காற்று கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் திரும்பும். அதனால்தான் ஸ்கூபாவில் முதல் பாடமே ‘மூச்சை நிறுத்தாதே’ என்பது. நீச்சல் தெரியாதவர்கூட இதைச் சொன்னபடி கேட்பார். கெட்டிக்கார நீச்சல்காரர்தான் பதட்டத்தில் பழைய வழக்கத்துக்குப் போவார்.

ஸ்நார்க்கெலில் அதே பழக்கம் கைகொடுக்கும். ஆனாலும் முங்குவதற்கு முன் வேகமாகப் பத்திருபது மூச்சு இழுத்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் உடம்பில் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டுகிற உணர்வே தள்ளிப்போகும். ஆக்சிஜன் தீர்ந்து, மேலே வரும் கடைசி மீட்டரில் நினைவு தப்பும். நிதானமாக இரண்டு மூன்று மூச்சு போதும். ஒருவர் முங்கும்போது இன்னொருவர் மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காதுதான் மூன்று வழிக்கும் பொதுவான இடறல். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறப்பதை, வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்ய வேண்டும். வலித்த பிறகு ஓங்கி ஊதினால் செவிப்பறை போகும். திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலலாம். சளி பிடித்திருந்தால் ஸ்கூபா வேண்டாம். சளி மாத்திரை போட்டு இறங்குவது இன்னும் மோசம். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்தால், மேலே வர முடியாமல் காது அடைக்கும். சளிக்காரர் மேலே மிதந்து பார்க்கலாம், முங்க வேண்டாம்.

சொந்தமாக வாங்க வேண்டிய முதல் சாமான் மாஸ்க். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். டெம்பர்டு கண்ணாடியும் சிலிகான் ஓரமும் உள்ளதாக, மூக்கையும் மூடுவதாக இருக்க வேண்டும். நீச்சல்குளக் கண்ணாடியில் மூக்கு வெளியே இருப்பதால் உள்ளே காற்று ஊதி அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது, ஆழத்தில் கண்ணைக் கவ்வி இழுக்கும். கடையிலேயே வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். அடர்ந்த மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்குக்குக் கீழே தண்ணீர் கசியும். மூக்கை ஒட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மழித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும், மீசை முழுசாகப் போக வேண்டியதில்லை. புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். உள்பக்கம் பற்பசை தேய்த்து இரண்டு மூன்று தரம் கழுவாவிட்டால் எச்சில் தடவினாலும் பனி மூட்டும்.

முகம் முழுக்க மூடுகிற ஸ்நார்க்கெல் மாஸ்க்கை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலானவற்றில் மூக்கைப் பிடிக்க முடியாததால் முங்க இயலாது. வால்வு சரியில்லாவிட்டால் விட்ட மூச்சே திரும்ப உள்ளே வரும். சாதாரண ஸ்நார்க்கெல் குழாயையும் நீட்டிக் கட்டக் கூடாது. தோட்டத்து ஓஸை வாயில் வைத்து ஒரு மீட்டர் கீழே போய்ப் பார்த்தால் காரணம் உடனே புரியும். நெஞ்சின் மேல் இருக்கும் நீரின் அழுத்தத்தை மீறி மூச்சை இழுக்க வராது.

இந்தப் பழக்கமெல்லாம் ஊர்க் கிணத்திலேயே நடக்கும். படியில் உட்கார்ந்து, மாஸ்க்கில் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவதை இருபது முறை செய்தால் கடலில் பாதிப் பதட்டம் போய்விடும். இறங்கும் முன் மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது, மெயின் சுவிட்சையும் இறக்கிவிடுங்கள். மின்கசிவு கண்ணுக்குத் தெரியாது. அணைகள் இதற்கு ஆகாது. கலங்கல், மதகின் இழுப்பு, போதாக்குறைக்கு அமராவதி அணையில் முதலைகளும் உண்டு.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். அது நாம் மூச்சுவிடும் அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. வழக்கமான அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தொடங்கி 50 பாரை மிச்சம் வைத்தால் கையில் 1,665 லிட்டர். புதியவர் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுத்தால், பத்து மீட்டரில் அது 50 லிட்டர் ஆகும். கணக்குப்படி 33 நிமிடம்.

அறிமுக டைவில் இந்தக் கணக்கு எதுவும் உங்கள் கையில் இல்லை. மிதப்பு ஜாக்கெட்டைப் பயிற்சியாளர் இயக்குவார், ஆழ எல்லை 12 மீட்டர். பத்தாவது டைவிலும் நீங்கள் பயணிதான். ஏறக்குறைய ஐந்தாறு அறிமுக டைவுக்கு ஆகும் பணத்தில் ஓப்பன் வாட்டர் முடித்துவிடலாம். அதில் 200 மீட்டர் நீச்சல், பத்து நிமிட மிதப்பு, நான்கு கடல் டைவ். முடித்தால் துணையோடு 18 மீட்டர் வரை போகலாம். சான்றிதழ் தருகிற பேடி (PADI) அமைப்பில் குறைந்த வயது 10. ஆஸ்துமா, காது அறுவைச் சிகிச்சை இருந்தவர்கள் மருத்துவப் படிவத்தில் மறைக்கக் கூடாது. முன்பணம் கட்டும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

நீச்சலே தெரியாத, தண்ணீர் பயமும் இல்லாத ஒருவர் ஒரே ஒரு நாள் கடலடியைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் அறிமுக டைவ்தான் சரி.

இடத்தைப் பொறுத்தவரை, முழுக் குடும்பத்தோடு ஸ்நார்க்கெலுக்கு லட்சத்தீவின் ஆழமில்லாத காயல்களுக்கு ஈடில்லை. அனுமதி வாங்க வேண்டும், விமானம் கொச்சியிலிருந்து. கோர்ஸுக்கு அந்தமானின் ஹேவ்லாக் அல்லது புதுச்சேரி. காரிலேயே போவதென்றால் கர்நாடகக் கடற்கரையில் முருடேஸ்வரம் அருகே உள்ள நேத்ராணித் தீவு. மழைக்காலத்தில் அங்கே படகு போகாது.

திரும்பி வரும் வழியில்தான் நம்ம ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்கூபா முடிந்த உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும். உயரத்துக்குப் போனால் அது குமிழாகும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. 600 மீட்டருக்கு மேற்பட்ட மலைக்கும் இதே கணக்குதான். கோவை சுமார் 410 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய் அதைவிடத் தாழ்வு. ஆகவே நேத்ராணியிலிருந்து மங்களூர், கோழிக்கோடு, பாலக்காடு என்று கடலோரமாகவே வீடு வந்து சேரலாம். மைசூர் வழியாக வந்து திம்பம் மலைப்பாதையில் இறங்குவது அன்றைக்கு ஆகாது. ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ போகும் திட்டம் இருந்தால் அதை டைவுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மேலே மிதந்து மட்டும் பார்த்தவருக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, ஈரத் துணியோடே மலை ஏறலாம்.