ஒளியில் ஒன்று, இருளில் ஒன்று: இன்காக்களின் வானம்

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில் பேரரசு நடத்திய இன்காக்கள் வானத்தை இரண்டு விதமாகப் படித்தார்கள். ஒன்று நமக்கும் பழகிய முறை: ஒளிரும் நட்சத்திரங்களைப் பார்ப்பது. நாம் கார்த்திகை என்னும் கூட்டம் அவர்களுக்குக் 'கொல்கா', அதாவது களஞ்சியம். ஆண்டீஸ் விவசாயிகள் ஜூன் கடைசியில், விடியலுக்கு முன் அதைப் பார்ப்பார்கள். பளிச்சென்று தெரிந்தால் நல்ல மழை. மங்கலாக இருந்தால் உருளைக்கிழங்கு நடவைத் தள்ளிப்போடுவார்கள். மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் உயரத்தில் படரும் மெல்லிய மேகம்தான் அதை மங்கலாக்குகிறது, அந்த ஆண்டுகளில் அங்கே மழையும் குறைவு என்று 2000இல் வெளியான ஆய்வு காட்டியது.

இரண்டாவது முறைதான் என்னை அசத்துவது. பால்வீதி அவர்களுக்கு 'மாயு', ஆறு. அதிலுள்ள கரிய தூசித் திட்டுகளே உருவங்கள்: பாம்பு, தேரை, நரி, 'யகானா' என்ற லாமா (ஒட்டக இனத்து விலங்கு). ஆல்பா, பீட்டா சென்டாரி என்ற பிரகாசமான நட்சத்திரங்கள் இரண்டும் லாமாவின் கண்கள். நள்ளிரவில் அது இறங்கிவந்து கடல்நீரைக் குடிக்காவிட்டால் உலகமே மூழ்கிவிடும் என்கிறது, சுமார் 1608இல் இன்காக்களின் கெச்சுவா மொழியில் எழுதப்பட்ட, ஆண்டீஸ் தொன்மக் கதைகளைச் சொல்லும் வாரோசிரிச் சுவடி.

கொல்காவை நகரத்து மொட்டைமாடியிலிருந்தும் பார்த்துவிடலாம். யகானாவுக்குக் கும்மிருட்டு வேண்டும். தெருவிளக்கு ஒன்று போதும், லாமா காணாமல் போய்விடும்.