கால் எரிச்சலும் தையல் மெஷினும்: நாலு வருட அனுபவம்

எனக்குக் கால் எரிச்சல் தொடங்கியது 2007-இல். முந்தைய வருடம்தான் ஹெச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து ஆரம்பித்திருந்தேன். அப்போது தந்த மாத்திரையில் ஸ்டாவுடின் இருந்தது. உயிரைக் காப்பாற்றிய மாத்திரை, மறுக்க மாட்டேன். ஆனால் பாத நரம்பைக் கெடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனமே 2009-இல் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. எனக்கும் பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். நரம்பு மட்டும் பழையபடி ஆகவில்லை. ராத்திரி போர்வை விரலில் பட்டாலே மிளகாய் அரைத்துப் பூசியது போலிருக்கும்.

தெருவில் எல்லோரும் கேட்பது, "சுகர் இருக்கா?" நானும் ஆமாம் என்றே சொல்லிவிடுவேன். அதனால் கல்யாண வீடுகளில் பாயசம் கிடையாது.

காபாபென்டின் என்ற நரம்பு வலி மாத்திரை எரிச்சலைக் கொஞ்சம் குறைத்தது, ஆனால் பகலெல்லாம் தூக்கம். ஒருநாள் மெஷின் ஊசியில் விரலை விட்டுக்கொண்டேன். தீபாவளி நேரத்தில் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டு ஓட்டினேன். டாக்டர் செம திட்டு. இப்போது நான் சாப்பிடும் கூட்டு மருந்தில் டெனோஃபோவிர் இருக்கிறது, அதோடு இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்தாம். யாரும் கேட்காமல் வாங்கிப் போடாதீர்கள்.

அப்புறம்தான் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர், சி.பி.டி. என்கிற சிந்தனை-நடத்தைச் சிகிச்சை பற்றிச் சொன்னார். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களின் நாள்பட்ட வலிக்கு அதைப் பரிந்துரைத்து 2017-இல் அமெரிக்காவில் வழிகாட்டு நெறியே வந்திருக்கிறதாம். 'வலி மனசுல இருக்குன்னு சொல்றாங்களோ' என்று முதலில் கோபம்தான் வந்தது.

முதல் வாரம் ஒரே வேலை: மெஷினில் உட்கார்ந்து எத்தனையாவது நிமிடம் தாங்க முடியாமல் போகிறது என்று நோட்டில் எழுதுவது. சுமார் 40 நிமிடம் வந்தது. அதைவிடக் குறைவாக, 25 நிமிடத்தில் அலாரம் வைக்கச் சொன்னார். மணி அடித்ததும் எழுந்து கொல்லைப்புறம் வரை நடந்து, சுவரைப் பிடித்துக் குதிகாலைப் பத்து முறை தூக்கி இறக்கிவிட்டு வர வேண்டும். வலித்தாலும் வலிக்காவிட்டாலும்.

கஷ்டமே அந்த வலிக்காத நாட்களில்தான். ஜாக்கெட்டுக்கு ஒரு கைதான் பாக்கி இருக்கும், அலாரம் அடிக்கும். 'இதை முடிச்சுட்டு எந்திரிக்கலாம்' என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கை. இத்தனை வருடமும் நான் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறேன் என்பதே நோட்டைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது. முதல் இரண்டு தீபாவளிக்கும் தோற்றேன். மூன்றாவதில் துணியைக் குறைத்து வாங்கினேன். வருமானம் குறைந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒருநாளும் படுக்கவில்லை.

இன்னொன்று பயம். எரிச்சல் கூடினாலே 'கிருமி ஏறுது' என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், தூக்கம் போகும், தூங்காததால் மறுநாள் வலி இன்னும் கூடும். வைரல் லோடு பரிசோதனையில் கிருமி கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கிறது. "இது பழைய காயம், கிருமி இல்லை" என்று நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு அதை எடுத்துப் படித்திருக்கிறேன்.

மூச்சுப் பயிற்சி எனக்குச் சுமார்தான். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு அதைவிட உதவியது. மாத்திரை வாங்கப் போகும் நாளில் நாங்கள் ஆறேழு பேர் கூடிப் பேசுவது மட்டும் வேறு கணக்கு. அங்கே சுகர் என்று பொய் சொல்ல வேண்டியதில்லை.

எரிச்சல் போய்விட்டதா என்றால், இல்லை. இதை எழுதும்போதும் இடது கட்டைவிரலில் இருக்கிறது. இப்போது அலாரம் 40 நிமிடத்துக்கு. நாத்தனார் மட்டும் இன்னும் கேட்கிறாள், "எதுக்கு அண்ணி அடிக்கடி எந்திரிக்கிறீங்க?" என்று. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்பேன்.